கறுப்பு ஆயிலும் சிவப்புப் பொட்டும்

எங்கள் வீட்டு வாசலில், கார் நிற்கும் இடத்தில், சிமெண்டுத் தரையில் ஒரு கறை இருக்கிறது. தோசைக் கல் அகலம் இருக்கும். சோடா உப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்துவிட்டேன். எலுமிச்சம்பழ மூடிகளை மூட்டை கணக்கில் செலவழித்துவிட்டேன். அசையவில்லை. "யாரோ டாக்ஸிக்காரன் வண்டியைத் திருப்பும்போது ஆயிலை ஒழுகவிட்டுப் போய்விட்டான்" என்று 1999-ல் என் கணவர் சொன்னார். அன்று முதல், முகம் தெரியாத அந்த டாக்ஸிக்காரனை மார்கழி மாதம் முழுவதும் மனத்துக்குள் வைதுகொண்டே அந்தக் கறையைச் சுற்றிக் கோலம் போட்டு வந்தேன். அவனைப் பற்றிய உண்மை தெரிய எனக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்கு நான் காருக்கு அடியிலேயே போய்ப் படுக்க வேண்டியிருந்தது!

எங்களுடையது 1998-ம் வருஷத்து மாருதி 800. 1983 டிசம்பரில் டில்லியில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன அதே சின்னக் கார்தான். மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் எஞ்சின். ஓட்டுகிறவள் நான். ஆனால் பானெட்டைத் தூக்கும் உரிமை அவருக்கு மட்டுமே. சமையலறையில் அவர் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் நான் எப்படிக் கூச்சல் போடுவேனோ, அப்படித்தான் அவரும், நான் பானெட் பக்கம் போனால். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, பழைய பாயை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுவார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். அந்தப் பாதங்களோடுதான் நான், "காப்பி ஆறுகிறது" என்று பேசுவேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு இடது கையும். நரம்பு டாக்டர் பார்க்கின்ஸன் வியாதி என்று பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். மாத்திரை நடையைச் சரிப்படுத்தியது. நடுக்கத்தை முழுவதும் நிறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானர் கையிலிருந்து நழுவி அவர் நெற்றியில் விழுந்தது. அன்றைக்குப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டவர்தான். அதற்கப்புறம் வண்டி ஒரு பட்டறைக்குப் போக ஆரம்பித்தது.

பட்டறையிலிருந்து திரும்பி வந்தால் வண்டியின் வெளிப்புறம் பளபளவென்றிருக்கும். உள்ளே எஞ்சின் சத்தம் மட்டும் அவருக்குத் திருப்தியாக இல்லை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "பெண் விட்டுப் போனாளே, நகப் பாலிஷ், அது இருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! சிவப்புச் சீசாவைக் கொண்டுவந்து கொடுத்தேன். பானெட்டைத் திறந்து, "இதோ இந்த டப்பாவின் மேல் ஒரு பொட்டு வை. பெட்ரோல் குழாயின் நடுவிலே சின்னதாக இருக்கிறதே, அதன் மேலும் ஒன்று வை" என்றார். அவர் கை நடுங்குவதால் நான் வைத்தேன். அந்தப் பானெட்டுக்குள் என் கை போனது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் வண்டி பட்டறைக்குப் போயிற்று. பில் வந்தது. ஆயில் பில்டர் ஒன்று, பெட்ரோல் பில்டர் ஒன்று, கூலி தனி. அவர் டார்ச் விளக்கை அடித்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். இரண்டு சிவப்புப் பொட்டுகளும், நான் வைத்த இடத்தில், வைத்தபடியே இருந்தன.

"வாருங்கள், போய்க் கேட்போம்" என்றேன் நான், முந்தானையைச் செருகிக்கொண்டு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "கை நடுங்குகிறவன் பேச்சை எவன் மதிப்பான்? விற்றுவிடலாம்" என்று சொல்லிவிட்டு, சாவியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். அன்று மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமலே சொன்னேன்: "விற்க வேண்டாம். நான் மாற்றுகிறேன். எனக்குச் சொல்லிக் கொடுங்கள்."

"நீயா?" என்றார்.

"கை என்னுடையது, வித்தை உங்களுடையது. இரண்டையும் சேர்த்தால் ஒரு மெக்கானிக் ஆகாதா?"

பெங்களூரிலிருக்கும் எங்கள் பெண் டெலிபோனில், "அம்மா, ஆளை வீட்டுக்கே வரவழைக்கலாமே, உனக்கு எதற்கு இந்த வயசில்?" என்றாள். நான் சொன்னேன், "ஆள் வரலாமடி. அப்பா எழுந்து வரவேண்டாமா?" அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை பாடம் ஆரம்பமாயிற்று. "எஞ்சினுக்குள்ளே இரும்பும் இரும்பும் உராய்கின்றன. நடுவிலே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று காப்பாற்றுகிறது. சூட்டில் வெந்து வெந்து அது கெட்டுப்போகும். கரியும் பொடியும் அதில் சேரும். அந்தப் பொடியைப் பிடித்து வைக்கத்தான் பில்டர்."

"காப்பி பில்டர் மாதிரி."

"அதே மாதிரிதான். ஆனால் அடைத்துக்கொண்டால் காப்பி இறங்காது; நீ தட்டுவாய். இந்தப் பில்டரில் அடைத்துக்கொண்டால், எஞ்சின் பட்டினி கிடக்கக் கூடாதென்று உள்ளே ஒரு சின்ன வால்வு திறந்துவிடும். ஆயில் வடிகட்டாமலே போகும். வண்டி ஓடும், ஒன்றும் தெரியாது. அதுதான் மோசம்."

மோட்டார் வண்டிக்கு இப்படி ஒரு பில்டர் வேண்டும் என்று கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டும் ஜார்ஜ் கிரீன்ஹால்கும், வருஷம் 1923. அதற்கு 'ப்யூரலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். 'பிற்பாடு சுத்தமான எண்ணெய்' என்ற ஆங்கிலச் சொற்களைச் சுருக்கிய பெயராம். எனக்கு அதைக் கேட்டதும் அந்த இருவர் மேலும் ஒரு மரியாதை ஏற்பட்டது. வடிகட்டுவது லேசான காரியமா என்ன? ஸ்திரீகளைக் கேட்டால் சொல்வோம்.

அவர் கைப்பட ஒரு ஜாபிதா எழுதினார். எழுத்து நெளிந்து நெளிந்து இருந்தது. ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை. வண்டியின் கையேட்டில் சொன்ன ரகத்து ஆயில், ஆயில் பில்டர், போல்ட்டுக்கு வைக்கும் புது வாஷர், பெட்ரோல் பில்டர், அரை அடி ரப்பர் குழாய், நான்கு கிளிப், கையுறை, மரத்தூள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "மெக்கானிக் யாரும்மா?" என்றார். "வீட்டிலேயே இருக்கிறார்" என்றேன். பொய் இல்லையே!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பழைய பாய் பரணிலிருந்து இறங்கியது. அவர் மோடாவைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதலில் எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தச் சொன்னார். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்குமாம். கொதிக்கிற சூடும் கூடாது, கை வெந்துவிடும். பிறகு சமதரையில் ஹாண்ட் பிரேக், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. முன்புறத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தோம். "ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி எவனும் அடியில் போகக் கூடாது" என்று மூன்று தடவை சொன்னார். என்னை வண்டியை உலுக்கிப் பார்க்கச் சொல்லி, அது அசையவில்லை என்று நிச்சயமான பிறகே, "சரி, போ" என்றார்.

அடியில் போய்ப் படுத்ததும் எனக்கு உலகமே தலைகீழாகப் போய்விட்டது. அடியிலிருக்கும் ட்ரெயின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, பலம்கொண்ட மட்டும் திருப்பினேன். அசையவில்லை.

"எந்தப் பக்கம் திருப்புகிறாய்?"

"இடது பக்கம்தான்."

"யாருக்கு இடது? போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார். அது கடிகாரமென்று நினைத்துக்கொள். முள் போகிற பக்கம் போனால் இறுகும். எதிர்ப் பக்கம் போனால் கழலும்."

கடிகாரத்தை நினைத்தேன். போல்ட் கழன்றது. தகரத் தட்டில் ஆயில் கொட்டியது. புது ஆயில் தேன் நிறமாக இருக்கும். இதுவோ கருவாட்டுச் சட்டியைக் கழுவிய நீர் மாதிரி, இல்லை, அதைவிடக் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்ததும், பில் கொடுத்தவர்கள் பில்டரை மட்டுமல்ல, ஆயிலையும் மாற்றவில்லை என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "நன்றாக வடியட்டும். அவசரமில்லை" என்றார் சாவதானமாக.

முழுவதும் வடிந்த பிறகு புது வாஷர் போட்டுப் போல்ட்டை முடுக்கினேன். இங்கேயும் ஒரு எச்சரிக்கை. பயத்தில் மிகவும் முடுக்கினால் மரை அறுந்துவிடும். அப்புறம் நூறு ரூபாய் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். நன்றாக இறுகியதும் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிறகு பில்டர். என் சிவப்புப் பொட்டோடு அது முறைத்துக்கொண்டு நின்றது. பட்டைச் சாவியைப் போட்டுத் திருப்பியதும் கழன்று வந்தது. புதுப் பில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் புது ஆயிலைத் தடவி, கையாலேயே திருகி, வளையம் எஞ்சினைத் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று. அவ்வளவுதான். சாவி போட்டு முடுக்கக் கூடாது. வண்டியைக் கீழே இறக்கி, மேலே புனல் வைத்துப் புது ஆயிலை ஊற்றினேன். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, அளவுக் கம்பியை இழுத்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல், அதிகமானாலும் கெடுதல்.

"சாவியைப் போடு" என்றார் அவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எஞ்சின் கிளம்பியது. ஆயில் விளக்கு அணைந்தது. அடுத்த நிமிஷம் அவர், "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார்.

இறங்கிப் பார்த்தால், பில்டரைச் சுற்றிலும் ஆயில் பீய்ச்சி அடித்துத் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது! என் கோலத் தரை! எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. "பழைய பில்டரைக் கொண்டுவா" என்றார். கொண்டுவந்தேன். அதன் வாயில் ரப்பர் வளையம் இல்லை. அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது! அதன் மேலேயே புது வளையத்தை வைத்துத் திருகியிருக்கிறேன். இரண்டு வளையம் சேர்ந்தால் பிடிக்காது. அழுத்தம் ஏறியதும் பிதுக்கிக்கொண்டு வந்துவிடும்.

நான் வசவுக்குத் தயாராக நின்றேன். அவரோ சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டு அவர் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"இதில் என்ன சிரிப்பு?" என்றேன்.

"அந்த டாக்ஸிக்காரன் ஞாபகம் வந்தது" என்றார்.

"எந்த டாக்ஸிக்காரன்?"

அவர் தரையிலிருந்த பழைய கறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கறையைப் பார்த்தார். எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

"நீங்கள்தானா?"

"முதல் தடவை நானே மாற்றியபோது. இதே வளையம்தான். நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்தாய். வந்ததும் சொன்னால் நீ சிரிப்பாயே என்று..."

ஐயோ பாவம், அந்த டாக்ஸிக்காரன்! இல்லாத மனிதனை இருபத்தைந்து மார்கழி வைதிருக்கிறேன். ஆனால் வாசகிகளே, உண்மையைச் சொல்கிறேன்: எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமும் அந்த இரண்டு பாதங்களைப் பார்த்து, இவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, எனக்குத் தெரிந்தது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன். அவரும் என்னைப் போலத் தப்புச் செய்துதான் கற்றார், அதை மறைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்! மரத்தூளைத் தூவினோம். பழைய வளையத்தைப் பிய்த்தெடுத்தேன். பில்டரைத் துடைத்து மறுபடி திருகி, குறைந்த ஆயிலை ஊற்றினேன். இந்தத் தடவை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. எஞ்சினை நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்துக் கம்பியைப் பார்த்தேன். தேன் நிறம். சரியான அளவு.

பெட்ரோல் பில்டரை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம். அதற்கு விதி நேர் எதிர். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியாக இருக்க வேண்டும். அன்று காலை அடுப்பு மூட்டவில்லை. சுவாமி விளக்குக்கூட வேலை முடிந்த பிறகுதான். பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பாட்டரியின் நெகடிவ் வயரை முதலில் கழற்றினோம். டாங்கின் மூடியை ஒரு தடவை திறந்து மூடினோம்.

எங்கள் பழைய வண்டியில் இந்தப் பில்டர் ரப்பர் குழாயின் நடுவே கோத்த ஒரு சின்னக் குப்பி மாதிரி. அதன் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் திசையைத்தான் அம்பு காட்ட வேண்டும். குழாயை மெல்ல இடுக்கிப் பிடித்து, கீழே துணியும் தட்டும் வைத்து, கிளிப்பைத் தளர்த்தி உருவினேன். குழாயின் நுனி பிசுபிசுவென்று வெடித்திருந்தது. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள் அல்லவா? 2025-ல் அது 20 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. பழைய டாங்கில் படிந்த அழுக்கையும் கிளப்பிவிடும். ஆகவே குழாயையும் மாற்றினோம். பழைய பில்டரைத் தட்டில் கவிழ்த்தேன். காப்பித் தூள் மாதிரி துரு விழுந்தது. அதிலும் என் சிவப்புப் பொட்டு!

பாட்டரி வயரை மாட்டி, சாவியைத் திருப்பினேன். கிளம்பவில்லை. மறுபடி திருப்பினேன். இல்லை. எனக்கு வயிற்றைப் புரட்டியது. "பயப்படாதே. புதுப் பில்டர் காலியாக இருக்கிறது. அது நிரம்ப வேண்டாமா? பத்து விநாடிக்கு மேல் திருப்பாதே. கொஞ்சம் பொறுத்து, மறுபடி" என்றார். நான்காவது தடவை அது இருமியது, தும்மியது, பிறகு ஒழுங்காகப் பாட ஆரம்பித்தது. இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க அவர் எழுந்து வந்து பானெட் விளிம்பில் கை வைத்துக்கொண்டு குனிந்தார். வண்டியும் நடுங்கிக்கொண்டிருந்தது, அவர் கையும் அதன் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. எது எதன் நடுக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. "சத்தம் சரியாக இருக்கிறது" என்றார். அன்று மத்தியானம் இரண்டு தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

இதைப் படித்துவிட்டு உடனே ஸ்பானரை எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆயிலையும் ஆயில் பில்டரையும் மாற்றுவது பெரும்பாலான வண்டிகளில் ஒன்றுபோலத்தான். எங்கள் பழைய வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறோம். புது வண்டிகளில் 10,000 வரை போகலாம். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. ஆனால் பெட்ரோல் பில்டர் அப்படி அல்ல. கார்புரேட்டர் போய் இஞ்ஜெக்ஷன் வந்த வண்டிகளில் குழாயில் பெட்ரோல் அதிக அழுத்தத்தில் நிற்கும்; கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். பலவற்றில் பில்டர் டாங்குக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். பழைய ஆயிலைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்கும். டின்னில் அடைத்து, கழிவு ஆயில் வாங்குகிறவர்களிடம் சேர்த்துவிடுங்கள். பட்டறையில் கொடுத்து மாற்றுகிறவர்களாக இருந்தால், பழைய பில்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டில் நகப் பாலிஷ் இருந்தால் இன்னும் விசேஷம்.

இப்போது சாவி ஆணியில் தொங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே தெரிகிற பாதங்கள் என்னுடையவை. மோடாவில் உட்கார்ந்து அவர், "காப்பி ஆறுகிறது" என்கிறார். அவருடைய பழைய நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் எழுதுகிறவளும் நான்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

எங்கள் வாசலில் இப்போது இரண்டு கறைகள். பழையது ஒரு தோசைக் கல். புதியது இரண்டு தோசைக் கல். போன மார்கழியில் இரண்டையும் சுற்றிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி வந்து, "அடடா, இது எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மோடாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அதை ஏன் கேட்கிறீர்கள், மாமி! யாரோ டாக்ஸிக்காரன்..." என்றேன்.

பேப்பருக்குப் பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.